பட்டுப்போன செடியோடு மண்ணும் கொண்டு வரவும்

ரோஜாச் செடி விற்கும் தொழிலில் ஒரு விஷயம் முதலிலிருந்தே தெளிவாக இருக்கிறது: பூத்தால் வாங்கினவரின் கைராசி, பட்டுப்போனால் விற்றவளின் ஏமாற்று.

அருமனை ரோட்டில், ரப்பர் தோட்டத்து ஓரமாக எனக்கு ஒரு நர்சரி இருக்கிறது. என்னையும் சேர்த்து அங்கே இரண்டு பேர். மற்றவள் தங்கபாய். மண் கலப்பது, பை நிரப்புவது, யாரும் கேட்காமலே அபிப்பிராயம் சொல்வது மூன்றும் அவள் பொறுப்பு. நீங்களும் செடி விற்கிறவர் என்றால் மேலே படியுங்கள், ஆறுதலாக இருக்கும். செடி வாங்குகிறவர் என்றால் கோபப்படாமல் படியுங்கள். நான் உங்களைச் சொல்லவில்லை, உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்கிறேன்.

போர்டு வைத்த கதை

மார்த்தாண்டத்தில் புதிதாக ஒரு பெரிய நர்சரி வந்தது. வாசலில் செயற்கை அருவி, உள்ளே செடிகளுக்குப் பாட்டு. எனக்கு வயிற்றெரிச்சல். அந்த எரிச்சலில் ஒரு போர்டு எழுதி வைத்தேன்: "இங்கு வாங்கும் ரோஜாச் செடி பட்டுப்போனால் வேறு செடி இலவசம்." யோசித்து எழுதியதில்லை, ஆத்திரத்தில் எழுதியது.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் செத்த செடிகள். ஆட்டோவில் வந்தன, பஸ்ஸில் வந்தன, ஒன்று குழந்தையின் ஸ்கூல் பையில் வந்தது. என்னிடம் வாங்காத செடியும் வந்தது. அது செம்பருத்தி. செடியைக் கொடுத்துக் கொடுத்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. நான் கொடுக்கும்போது செடி நன்றாகத்தான் இருக்கிறது, அங்கே போய் எந்த மண்ணில் நிற்கிறது என்று பார்க்காமல் இனி இலவசம் கிடையாது என்று தீர்மானித்து, போர்டின் அடியில் இன்னொரு வரி சேர்த்தேன்: "பட்டுப்போன செடியோடு மண்ணும் கொண்டு வரவும்." தங்கபாய் அதை நின்று நிதானமாக வாசித்துவிட்டுச் சொன்னாள்:

"அப்போ இனி நமக்கு நர்சரி இல்லக்கா, போஸ்ட்மார்ட்டம் செய்யுத எடம்."

புளிப்பு

முதலில் மண்ணோடு வந்தவர் செல்லன் அண்ணன். ரப்பர் வைத்திருக்கிறார். பையைப் பிரித்ததும் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை வாசம் குப்பென்று வந்தது. என்ன அண்ணே இது என்று கேட்டேன். ரோஜாவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் பிடிக்கும் என்று யூட்யூபில் ஒருவர் சொன்னாராம். அது தப்பில்லை. புளிப்புக்கு எங்கே போவது என்று அண்ணன் யோசித்திருக்கிறார். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட்தான் வீட்டிலேயே கேனில் இருக்கிறதே! அதை வாளித் தண்ணீரில் கலந்து, காலையில் தான் சாயா குடிக்கிற நேரத்தில் செடிக்கும் ஊற்றியிருக்கிறார்.

எங்கள் மேற்குப் பக்கத்துச் செம்மண், பெய்கிற மழைக்கு ஏற்கெனவே புளித்துக் கிடக்கிற மண். அந்தப் புளிப்பைக் குறைத்தால்தான் ரோஜா வேர் பிடிக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பிடி தூவிக் கிளறி ஆறவிடுங்கள், பிறகு மக்கின சாணி எரு ஒரு கூடை போட்டு நடுங்கள் என்று பொறுமையாக விளக்கினேன். அண்ணன் கவனமாகக் கேட்டார், தலையாட்டினார், புதுச் செடியை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். படி இறங்கும்போது மனக்குறையோடு சொன்னார்:

"அந்த யூட்யூப்காரன் செடி இப்பவும் நல்லாத்தான் நிக்குது. ஆசிட் கம்பெனி வேறயா இருக்கும்."

நம்ம வீட்டு ரோஸ்

ஷைனி அருமனைப் பிள்ளை. கடலோரத்தில், தேங்காய்ப்பட்டணத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. கட்டிக் கொடுத்தது என்பது மரியாதைக்குச் சொல்வது, அவளே போய்க் கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரன் ஆல்பின் பஹ்ரைனில் ஏசி மெக்கானிக். மாமியார் பிலோமினா மீன் வியாபாரம். அம்மாவைப் பார்க்க அருமனைக்கு வரும்போதெல்லாம் ஷைனி என் நர்சரியில் இறங்குவாள், பட்டுப்போன செடியும் கையுமாக.

கலியாணம் முடிந்த புதிதில், "இங்க கண்ணுல காண ஒரு பூச்செடி இல்லியே" என்று அவள் சொல்லிவிட்டாள். ஆல்பின் அந்த லீவு முழுக்க அலைந்து, அருமனையிலிருந்து ஒரு டெம்போ செம்மண் ஏற்றிக்கொண்டு போய், வீட்டு முற்றத்து மணலின் மேல் கொட்டி, மட்டம் பார்த்து, தட்டி இறுக்கி, அழகாகப் பாத்தி கட்டிவிட்டுத்தான் பிளேன் ஏறினான். எங்கள் பக்கத்தில் ரோஜா என்றால் செம்மண், அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை. கிறிஸ்மஸுக்கு வரும்போது என் வீட்டு வாசலில் ரோஸ் நிற்கும் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அந்தப் பாத்தியில் வைத்த செடி ஒன்றுகூட நிற்கவில்லை.

ஒருநாள் அவள் என் நர்சரியில் நிற்கும்போது ஆல்பினின் வீடியோ கால் வந்தது. பின்னால் என் ரோஜா வரிசை முழுக்கப் பூத்து நிற்கிறது, அதற்கும் பின்னால் ரப்பர் மரங்கள். "எம்மா, நம்ம வீட்டுலயா இவ்வளவு பூவு?" என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது. அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். ஷைனி என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்து "ஆமா" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் வருகிற நாளெல்லாம் என் நர்சரி தேங்காய்ப்பட்டணம் ஆகிவிடும். நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. "ஏட்டி, ஒனக்குப் பொய் சொல்ல என் செடிதான் கெடச்சுதா?" என்று கேட்டேன். "அவரு அந்த வெயில்ல மண்ணு சொமந்தது எனக்காகத்தானில்லா அக்கா? ஒண்ணும் வரல்லன்னு எப்படி பறைவேன்? மனசு விட்டுப் போவாரு" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவம் பிள்ளை. கிறிஸ்மஸுக்குள் அந்தப் பாத்தியில் ஒரு ரோஜாவாவது உயிரோடு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இவள் வாசலில் எதைக் காட்டுவாள்? இன்னொரு நாள் தங்கபாய் சாணிக் கூடையோடு வீடியோவின் நடுவே நடந்து போய்விட்டாள். அது யார் என்று ஆல்பின் கேட்க, பக்கத்து வீட்டு அக்கா என்று ஷைனி சமாளித்தாள். போன் வைத்ததும் தங்கபாய் என்னிடம் கேட்டாள்:

"எனக்கு இனி ஓட்டு தேங்காய்ப்பட்டணத்துலயாக்கா?"

சிமெண்ட் மண்

இதற்கிடையில் கருங்கல்லிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். புது வீடு. முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்துவிட்டு, மூலையில் ஒரு முறம் அகலத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார், ரோஜாவுக்கு. அவர் கொண்டுவந்த மண்ணை நான் விரலால் கிளறினால் சிமெண்ட் கட்டி வருகிறது, உடைந்த டைல்ஸ் வருகிறது, பெயிண்ட் பிரஷ்ஷின் பாதி வருகிறது. வீடு கட்டின மிச்சமெல்லாம் அந்தக் குழியில் இருக்கிறது. மேலே மட்டும் ஒரு விரல் கனத்துக்குச் செம்மண் பூசியிருக்கிறார்கள், கேக்குக்கு கிரீம் தடவுகிற மாதிரி.

"அண்ணாச்சி, முழங்கால் ஆழத்துக்கு எல்லாத்தையும் அள்ளிக் களைஞ்சுட்டு வேற மண்ணு போடணும். இதுல வேர் எங்க போவும்?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீடு கட்டின மனுஷர், இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பார்!

"அஸ்திவாரம் ஸ்ட்ராங்கா இருந்தா வீடே நிக்குது. செடி நிக்காதோ?"

நாக்கில் ஒரு துளி

அடுத்த முறை ஷைனி மண் கொண்டுவந்தாள். ஏர்போர்ட் பிளாஸ்டிக் பையில், முடிச்சுப் போட்டு, பலகாரம் மாதிரி. உள்ளே இருந்தது மண் இல்லை, செங்கல். செம்மண்ணை மணலின் மேல் கொட்டித் தட்டி இறுக்கியதில் வெயிலில் வெந்து கல்லாகிவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். குடிக்கவில்லை, வழிந்து ஓடியது. வேர் மூச்சு விட முடியாமல் நிற்கிறது என்பது புரிந்தது. ஆனால் இலையின் ஓரம் தீயில் காட்டினது மாதிரி கருகியிருந்ததே, அதற்கு இது மட்டும் காரணம் இல்லை.

சந்தேகம் வந்தால் நான் செய்கிற ஒரு வேலை உண்டு. ஒரு துளி மண்ணை எடுத்து நாக்கில் வைத்தேன். சுள்ளென்று உப்பு! கடல் காற்று உப்பு கொண்டுவரும், ஆனால் இவ்வளவு கொண்டுவராது. யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். நான் துப்பிவிட்டு யோசித்துக்கொண்டு நிற்கும்போது, கறிவேப்பிலைச் செடி வாங்க வந்த ஒரு அம்மாள் மெல்லக் கிட்டே வந்தாள். எனக்கு ஐம்பது ஆகப்போகிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவள் என் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"மண்ணு தின்னத் தோணுதுன்னா வேற விசேஷந்தான். இந்த வயசுலயாக்கா? எதுக்கும் நெய்யூரு ஆஸ்பத்திரியில போய் ஒரு வட்டம் காட்டுங்க."

தென்னைக்கு உள்ளது

நேரில் பார்த்துவிடுவோம் என்று தேங்காய்ப்பட்டணத்துக்குப் பஸ் ஏறினேன். பிலோமினா அப்போதுதான் மீன் விற்று வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஆளும் குரலும் பெரிது. என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மீன் பெட்டியில் கிடந்த ஐஸ் தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுபோய் ரோஜாச் செடியின் அடியில் ஊற்றினாள். நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செடிக்கு வேற என்ன வைப்பிய?" என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்தது. "நான் ஒரு கொறையும் வைக்கல்ல. விடியக்காலம் இவ எந்திக்கதுக்கு முந்தி ஒரு செரட்டை கல்லுப்பு போட்டுருவேன். மீன் கழுவின வெள்ளம் தெனமும் உண்டு. பிள்ளை பூவு பூவுன்னு கெடந்து வெப்ராளப்படுது, எனக்குப் பாக்கப் பொறுக்கல்ல." எங்கள் கரையில் தென்னைக்கு உப்பு போடுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். தென்னை சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். அந்த மரியாதையை அப்படியே ரோஜாவுக்கும் செய்திருக்கிறாள், மருமகளுக்குத் தெரியாமல், மருமகளுக்காக. ஷைனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் தன்னைக் கண்டுகொள்ளவே இல்லை என்று அவள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆனாலும் செடி பாவம், சொல்லாமல் முடியுமா? உப்புதான் கொன்றது என்று பைய எடுத்துச் சொன்னேன். பிலோமினா முற்றத்துத் தென்னையைக் கைகாட்டிச் சொன்னாள்:

"தென்னை இவ்வளவு வருசமா ஒரு குத்தமும் சொல்லல்லியே."

பாரையும் பாத்தியும்

ஆல்பினின் செம்மண்ணைக் களைய ஷைனிக்கு மனசில்லை. களைய வேண்டியதும் இல்லை. செம்மண் தனியாக நின்றால் கல்லு, மணல் தனியாக நின்றால் ஓட்டைப் பானை, ஊற்றினது தங்காது. இரண்டையும் கலந்தால்தான் அது மண். பிலோமினா கடப்பாரையைத் தூக்கினாள். அந்தப் பாத்தியைக் குத்தி உடைத்த வேகத்தில் அவளுக்கு அதன்மேல் என்ன கோபம் என்று எனக்குப் பயமாகிவிட்டது. கட்டியைத் தூளாக்கி, அடியில் கிடந்த மணலைத் தோண்டி அதோடு சமமாகக் கலந்தோம். மழை நன்றாகப் பெய்து உப்பெல்லாம் கீழே கழுவிப் போகட்டும் என்று சும்மா விட்டோம். பிறகு மக்கின சாணி, இலைக்குப்பை, கழுவிப் பிழிந்த தேங்காய்த் தும்புத் தூள் எல்லாம் சேர்த்து செடியை நட்டு, கடல் காற்று நேரே அடிக்காமல் மேற்கே ஓலைத் தட்டி கட்டினோம். மீன் குப்பையை வீணாக்க வேண்டாம், காய்ந்த இலையோடு தனிக் குழியில் மூடி மக்கவிடுங்கள், அடுத்த வருஷம் ரோஜாவுக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை என்றேன். பிலோமினாவுக்கு அது கொஞ்சம் சமாதானம். இருந்தாலும் போன் போட்டு, "ஒரு நுள்ளு உப்புகூடவா ஆவாது?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

செடி பிடித்தது. சிவப்புத் தளிர் விட்டது. ஆனால் ஆல்பின் வருகிற வாரம் வந்தும் பூக்கவில்லை. ஒரே ஒரு மொட்டு, அதுவும் இறுகிப் பச்சையாக நிற்கிறது. ஷைனி போனில் அழுதாள். வீடியோவில் அவ்வளவு பூவைக் காட்டிவிட்டு வாசலில் ஒரு மொட்டைக் காட்டினால் ஆள் கேட்கமாட்டானா? எனக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது. நர்சரியில் பூத்து நிற்கிற செடிகளைத் தொட்டியோடு அனுப்புகிறேன், பாத்தியில் இறக்கி வைத்துக்கொள், லீவு முடிந்ததும் திருப்பித் தா என்றேன். அவள் சரி என்று சொல்லப்போகும்போது பிலோமினா போனைப் பிடுங்கினாள்.

"நமக்குப் பொறந்த பிள்ளைய காட்டாம, வளந்த பிள்ளைய வேற வீட்டுல கடனா வாங்குவாவளா? மொட்டு இருந்தா மொட்டு போதும். வச்சிரு போன."

வீட்டுக்காரர் வந்தார்

கிறிஸ்மஸ் கழிந்து ஒருநாள், பைக்கில் ஷைனியும் பின்னால் ஒரு காலிச் சாக்குமாக ஆல்பின் என் நர்சரி முன்னால் வந்து இறங்கினான். ரோஜா வரிசையின் முன்னால் போய் மறைத்து நின்றேன். வரிசை நீளம், நான் ஒல்லி. ஷைனியின் முகம் வெளுத்திருந்தது. இங்கே வரப்போகிறான் என்று அவளுக்கே தெரியாதாம்.

அவன் நேராக ரோஜா வரிசைக்கு வந்தான். சுற்றிப் பார்த்தான். தண்ணீர் டிரம்மைத் தட்டிப் பார்த்தான். மண் கலந்துகொண்டிருந்த தங்கபாயிடம், "பக்கத்து வீட்டு அக்கா, சுகமா இருக்கியளா?" என்று கேட்டான். தங்கபாய் அசரவில்லை, "சுகந்தான் தம்பி, நீங்க எப்போ வந்திய?" என்றாள். ஷைனி அழ ஆரம்பித்துவிட்டாள். அவன் அவள் தோளைப் பிடித்து, "ஏட்டி, எனக்கு வெசனம் வரக்கூடாதுன்னு நீ பறஞ்ச. ஒனக்கு வெசனம் வரக்கூடாதுன்னு நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். சரியாப் போச்சுல்லா?" என்றான். வாசலில் நிற்கிற அந்த மொட்டு விரிந்துவிட்டதாம், காலையில் எழுந்ததும் அம்மாவும் இவளும் அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். அம்மாவுக்குத் தனியாக ஒரு வெள்ளை ரோஜா வேண்டும் என்று கேட்டான். நல்ல செடியாக ஒன்று எடுத்து அந்தச் சாக்கில் வைத்துக் கொடுத்தேன். அப்படியானால் எப்போதிலிருந்து தெரியும் தம்பி என்று கேட்டேன். அவன் என் ரோஜாக்களுக்குப் பின்னால் வரிசையாக நிற்கிற ரப்பர் மரங்களைக் காட்டிச் சொன்னான்:

"எங்க வீட்டுப் பொறத்தால இவ்வளவு ரப்பர் நிக்குதுன்னா, நான் எதுக்கக்கா இவளையும் விட்டுட்டு பஹ்ரைன்ல போய்க் கெடக்கேன்?"

இத்தனை வருஷம் மண்ணைக் கிளறியதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ரோஜாவைக் கொல்கிறவர்களில் பாதிப்பேர் அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள், மீதிப்பேர் அதை மறந்துவிட்டவர்கள், அதில் மறந்தவர்கள் வீட்டுச் செடிதான் கொஞ்சம் நன்றாக இருக்கிறது.